ஸ்வாலனுக்கு இருபத்துநான்கு கடிதங்கள்

பீல் நகரில், மாட்ரெச் பக்கம்,
எங்கள் புதுக் கட்டிடத்தின் வாசலில்
ஆட்கள் வருமுன்னமே
இருபத்துநான்கு தபால்பெட்டிகளைப் பொருத்திவிட்டார்கள்.
ஒன்றைத் திறந்து பார்த்தேன்.
துளைபோட்ட இரும்புத்தூள், கொஞ்சம் குளிர்.

என் நிரலிலும் அப்படித்தான்.
'குடியிருப்பாளர்' என்றொரு வகுப்பை எழுதி
அதில் இருபத்துநான்கு பேருக்கு
ஓர் அணி கேட்டேன்.
கணினி கண்ணிமைக்குமுன் தந்தது
பேரை அல்ல, இடத்தை.
பந்திக்கு இலை போட்டால்
விருந்தாளி வந்ததாகுமா?

கழுத்துக்கும் அணி, செய்யுளுக்கும் அணி,
இதற்கும் அணியென்று எவர் பெயர் வைத்தாரோ,
பொருள் இல்லாவிட்டால்
மூன்றும் ஒன்றுதான்.
அந்த, அந்த, அந்த என்று
வரிசையாய் வெறும் சுட்டுகள்,
சுட்டிய திசையில் ஒரு குஞ்சு இல்லை.
பூச்சியமாம் வீட்டிடம் பெயரைக் கேட்டதுமே
நிரல் படுத்துவிட்டது.

சரி, ஆட்களைப் பிறப்பிப்போம் என்று
'புதிய' என்ற சொல்லைத் தட்டினேன்.
ஒரே ஒரு தடவை.
சுழல் தொடங்க ஒரு வரி மேலே.
ஐந்து நாற்பத்தாறு ரயிலுக்கு
எட்டு நிமிடம் இருந்தது.

பிறந்த அந்த ஒருவருக்கு
ஏபி என்று பெயர் சூட்டிப் பூச்சியத்தில் வைத்தது சுழல்.
அதே ஆளைப் பெர்தூ ஆக்கி ஒன்றில் வைத்தது.
பெயர் மேல் பெயராக எழுதி எழுதி
மேல்மாடியில், இருபத்துமூன்றில்,
ஸ்வாலன் என்று எழுதி ஓய்ந்தது.

தை மாதம் வெப்பக் கட்டணம் போனது.
எனக்கு வரவில்லை.
நல்லதாய்ப் போயிற்று என்று
வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை,
அலுவலகக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
யானிக் ஸ்வாலன் வந்தார்.
பாண் வாங்கும் கடதாசிப் பையில் இருபத்துநான்கு உறைகள்.
கடிகாரத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறவர்,
விளிம்போடு விளிம்பு சேர்த்து
மேசை நிறைய அடுக்கினார்.
எல்லாவற்றிலும்
முந்நூற்றுப் பதினெட்டு பிராங்க் நாற்பது.
"என் பிறந்தநாளுக்குக்கூட இத்தனை வந்ததில்லை"
என்றார் பிரெஞ்சில்.
"ஆனால் எனக்கு ஓர் உடம்புதானே"
என்றார் ஜெர்மனில்.
குளியலறையில் மட்டும்தான் சூடு போடுவாராம்.

அவருக்கு எப்படிச் சொல்வேன்,
ஏபி வீடு மாறினால்
உங்கள் சாமான்தான் இறங்கும்,
பெர்தூ செத்தால்
உங்களுக்குத்தான் இரங்கல் கடிதம் என்று?
மன்னிக்கவும் என்றேன், இரண்டு மொழியிலும்.

அவர் போனபின் அந்த வரியை வெட்டி
சுழலுக்குள் ஒட்டினேன்.
சுற்றுக்கு ஒருவர் பிறந்தார்.
அவரவர் கடன், அவரவர் குளிர்.
பதினேழுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.
அதை வெறுமையாகவே விட்டு
தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போ
என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன்.
முழுப்பெயர் இல்லாமல்
எவரையும் பிறக்க விடாதே என்று இன்னொன்று.

அது ஒன்பதில் நின்றுகொண்டது.
ஒன்பது என் வீடு.
முதற்பெயர் உண்டு, குடும்பப்பெயர் எங்கே
என்று சிவப்பில் கேட்டது.
நான் எழுதிய விதி, என்னையே கேட்டது.
எனக்கு இருப்பது நிரோஜா, அவ்வளவுதான்.
அப்பாவின் பெயர் முன்னால் நின்றது
இன்னாரின் மகள் என்று சுட்டுவதற்கு.
சூரிச் விமான நிலையத்தில் எவரோ
அதைப் பின்னால் தள்ளிக் குடும்பமாக்கினார்.

அதையே தட்டினேன். ஏற்றுக்கொண்டது.
இப்போது இரத்தினவடிவேலுக்கு
ஒன்பதாம் வீட்டில்
நானூற்றிரண்டு பிராங்க் கடன்.
அவர் வவுனியாவில்
மின்விசிறிக்குக் கீழே
சட்டையில்லாமல் படுத்திருக்கிறார்.

மாசியில் ஒருநாள் லிஃப்டில் ஸ்வாலன்.
கையில் ஒற்றை உறை.
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்த முறை ஒன்றுதான்" என்றார்,
குறைசொல்லும் குரலில்.